அத்தை பார்த்த கீரி

அறுபதுகளின் தொடக்கத்தில் செம்பூரில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஆளுயரப் புல்லும் சேறும்தான். அதில் கீரிகள் இருந்தன. எங்களுக்குப் பூர்வீகம் பாலக்காடு. நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது வீட்டில் யார் கண்ணிலாவது கீரி பட்டால் காரியம் பலிக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. ஆபீஸில் நாள் முழுக்க இங்கிலீஷில் கடிதம் எழுதும் அப்பாவும் இதில் மட்டும் அசைந்து கொடுக்கமாட்டார். தன் ஒரே தங்கையின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வரன் பார்க்கப் போகும் நாளில், பின்பக்கத்து பால்கனியில் கீரி தென்பட்ட பிறகுதான் செருப்பை மாட்டுவார்.

நான் சின்னவளாக இருந்தபோது இதில் ஒரு சிரமமும் இல்லை. அப்பா காபி குடித்து முடிப்பதற்குள் ஒரு கீரியாவது மதிலோரம் ஓடும், சில நாள் குட்டிகளோடு. பிறகு லாரிகள் வந்து மண்ணைக் கொட்டின. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் புல் இருந்த இடத்தில் அஸ்திவாரம் தோண்டினார்கள். கீரிகள் குறைந்துகொண்டே வந்தன. அப்பா அதைக் கட்டடங்களோடு சேர்த்துப் பார்க்கவில்லை, கிரகம் சரியில்லை என்றார். மாட்டுங்காவில் நல்ல இடம் இருப்பதாகச் சொல்லி அனுப்புவார்கள். அப்பா பால்கனியில் நிற்பார், கீரி வராது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார். அதற்குள் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகியிருக்கும். அம்மா பாத்திரத்தை ணங்கென்று வைப்பாள். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்த அத்தை ஜாதகத்தை எடுத்துத் திரும்பவும் பெட்டியில் வைப்பாள். எனக்குக் கீரிகள் மேல்தான் கோபம். ஒரு தரம் தலையைக் காட்டிவிட்டுப் போனால் குறைந்தா போய்விடும்?

கடைசியாக வந்தது கிங்ஸ் சர்க்கிள் வரன். மனைவியை இழந்தவர், ஒரு பெண் குழந்தை இருந்தது. அன்றைக்கும் அப்பா நெடுநேரம் நின்றுவிட்டு உள்ளே போய்ச் சட்டைப் பொத்தானில் கை வைத்தார். அத்தை என் பக்கத்தில் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, கெளம்பு. கீரி போறது," என்றாள்.

அப்பா ஓடிவந்தார். அதற்குள் மறைந்துவிட்டதாம்.

"நன்னாப் பாத்தியோ?"

"நன்னாப் பாத்தேன். அந்த மூலைல, வலது பக்கமாப் போச்சு."

அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. சுவாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஜாதகத்தோடு படியிறங்கினார். தை மாதம் கல்யாணம் நடந்தது. எல்லாம் அந்தக் கீரியின் புண்ணியம் என்று பந்தலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று நானும் அதே மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிமெண்டு மூட்டைகளைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அத்தைக்கு என்னைவிடக் கண் கூர்மை என்று நினைத்துக்கொண்டேன். அவள் புக்ககம் போன பிறகும், பள்ளிக்கூடம் கிளம்பும் முன் தினமும் பால்கனிக்குப் போய், அவள் காட்டிய மூலையில் அந்தக் கீரியைத் தேடிக்கொண்டிருந்தேன்.