பவளமக்காவின் கைராசி

சந்திரகலாவின் கோழிக்குஞ்சுகள் செத்த கதையை அவளுடைய புருஷன் விக்னராஜா வீடு வீடாகச் சொல்லித் திரிகிறார். அதில் பாதி பொய். நான் அங்கே நின்றவள், எனக்குத் தெரியும்.

அவுஸ்திரேலியாவில், டண்டினொங்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் நானும் சந்திரகலாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். சூட்டுத் தட்டுப் பிடித்துப் பிடித்து அவள் விரல்கள் வெடித்துப் போயிருந்தன. அவர்கள் வீட்டைச் சுற்றியிருந்த வளவு பெரியது. நாலைந்து பழைய கோழிகள் அதில் தம்பாட்டில் மேயும். "இன்னும் கொஞ்சக் கோழி வளர்த்து முட்டை வித்துக் காட்டு, பிறகு வேலையை விடு" என்று புருஷன் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் சந்தையில் குஞ்சுகள் வாங்கினாள்.

தாய்க்கோழி இல்லாத குஞ்சுகள். உடுப்புத் தோய்க்கும் அறையில் பல்ப் எரியவிட்டுச் சூடு காட்டி வளர்த்தாள். இறகு முளைத்ததும் வளவில் கம்பிவலை அடித்து உள்ளே விட்டாள். பெரிய கோழிகள் வெளியே நின்று பார்க்கும், இவை உள்ளே நின்று பார்க்கும்.

"முகம் பழகட்டுமடி. கொஞ்சம் பருக்கட்டும். இப்ப விட்டால் பெரிசுகள் கொத்தியே சாக்காட்டிப்போடுங்கள்" என்றாள்.

எழுபத்தெட்டாம் ஆண்டு தைப்பொங்கல் வந்தது. அந்த மனிசனுக்கு நாள் நட்சத்திரத்தில் பைத்தியம். "நல்ல நாள், இண்டைக்கே திறந்துவிடுவம்" என்று தொடங்கினார். அதுவும் அவள் கையால் இல்லை. விருந்துக்கு வந்த பவளமக்காவைக் கூப்பிட்டார். மூன்று பிள்ளை பெற்ற கைராசிக்காரியாம்! சந்திரகலாவுக்குப் பிள்ளை இல்லை.

"கொஞ்ச நாள் பொறுங்கோவன். அதுகள் இன்னும் சின்னன்" என்று கெஞ்சினாள்.

"நல்ல காரியத்தில குறுக்க நிக்காதை."

பவளமக்கா பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கம்பிக்கதவைத் திறந்தார். குஞ்சுகள் குதூகலமாக ஓடிவந்தன. முதல் கொத்து விழுந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். இரத்தம் கண்டதும் மற்றக் கோழிகளும் பாய்ந்தன. குஞ்சுகளுக்கு ஓடி ஒளிய ஒரு மறைப்பும் இல்லை. சந்திரகலா வெறுங்காலோடு நடுவில் விழுந்து பொறுக்கினாள். அவள் மடியில் சேர்ந்ததெல்லாம் தலை கிழிந்தவை. ஒன்றுகூடத் தப்பவில்லை.

பவளமக்கா கையைக் கழுவிவிட்டுப் பொங்கல் சாப்பிட உட்கார்ந்தார். "நான் நல்ல மனசோடதான் திறந்தனான்" என்றார்.

"உங்களில பிழையில்லை அக்கா" என்றார் விக்னராஜா. "இவளின்ர கையில வளர்ந்ததெல்லோ! ஒரு பிள்ளை பெத்திருந்தால் வளர்க்கத் தெரிஞ்சிருக்கும்."

அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னார், பாவி. அந்த வாயில் சுடுபொங்கலை அள்ளி அப்ப வேண்டும் போல் இருந்தது எனக்கு. சந்திரகலா அவர் இலையில் வாழைப்பழம் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் தலைக்குத் தொப்பி கட்டும்போதுதான் வாய் திறந்தாள்.

"அவரிலதான் குறையெண்டு டொக்டர் சொன்னவர். நான் இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லேல்லையடி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எல்லாருக்கும் சொல்லிப்போடன்!"

"சொன்னால், நாளைக்கு நான் வேலைக்கு வராமல் இருக்கலாமோ?" என்றாள்.