நீதிபதி வீட்டுப் பொம்மைகள்

முடிச்சு அண்ணன் என்று கேட்டால்தான் அவரைத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக ஊரார் வீட்டுச் சாமான்களைக் கட்டி, லாரியில் ஏற்றி இறக்குவதே பிழைப்பு. அவர் போட்ட முடிச்சை அவிழ்க்க அவரே வர வேண்டும். அவர் கை பட்டால் நிலைக்கண்ணாடியும் கீறல் விழாமல் மூன்று மாடி இறங்கும்.

முன்பெல்லாம் லாரி பெருநகரத்திலிருந்து காலியாகக் கடகடவென்று கிளம்பிப் போய், சிறு நகரங்களிலிருந்து குடும்பங்களை அள்ளிக்கொண்டு வரும். இப்போது போகும்போதும் நிறைந்தே போகிறது. பெருநகரத்து வாடகை கழுத்தைப் பிடிக்கிறது. மடிக்கணினி வேலையை எங்கே உட்கார்ந்தும் பார்க்கலாம். தாம் ஏற்றி வந்த ஒரு புத்தக அலமாரியைப் பத்து வருடம் கழித்து அவரே திரும்பக் கொண்டுபோய் இறக்கினார். ஒரு கால் மட்டும்தான் ஆடியது.

இந்தப் போக்கைப் பார்த்து, அவர் வேலை பார்த்த நிறுவனம் ஒரு சிறு நகரத்தில் கிளை திறந்தது. பொறுப்பாளர் அவர்தான். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மனைவிக்குத்தான் முகம் சுண்டியது. அவள் ஓர் அழகு நிலையத்தில் முடி திருத்துபவள்.

"அங்க போய் நான் யாருக்கு முடி வெட்டறது?"

"முடி எல்லா ஊர்லயும்தான் வளருது."

"சிரிக்காதீங்க. லாரி அங்க ஒரு நாள் நிக்கும்ல? அதுக்குள்ள எனக்கு வேலை வரணும். இல்லன்னா அதே வண்டியில நான் திரும்பிடுவேன்."

சொன்னதைச் செய்கிறவள். புது வீட்டு வாசலில் காலை எட்டரைக்கு லாரி நின்றபோது எல்லாம் இறங்கியது. அவளுடைய கைப்பை மட்டும் முன் சீட்டிலேயே இருந்தது.

அதிர்ஷ்டம் மாடிப்படி இறங்கி வந்தது. மேல் வீட்டு நர்ஸ். "அக்கா, நீங்க முடி வெட்டுவீங்கன்னு லாரிக்காரர் சொன்னாரு. பன்னண்டு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. இந்தத் தலையோட போனா வேலை குடுக்க மாட்டாங்க."

மனைவியின் முகம் மலர்ந்தது. "என்னங்க, கத்தரிப் பை எந்தப் பெட்டியில?"

அவர் பெட்டிக் குவியலைப் பார்த்து விழித்தார். ஊரார் பெட்டியில் கரண்டிக்குக்கூடத் தனியாக எழுதி ஒட்டுபவர், தம் வீட்டுக்கு எதுவும் எழுதவில்லை. நம் சாமான் நமக்குத் தெரியாதா என்ற தைரியம். போதாததற்கு, இறங்கிய முப்பத்து நான்கு பெட்டிகளும் அவர் சேர்த்துவைத்திருந்த பழைய அட்டைப்பெட்டிகள். எல்லாவற்றிலும் யாரோ வீட்டு எழுத்து.

எதிரே சைக்கிள் கடைக்காரர் அதைப் படித்துவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்தார். "'டாக்டர் வீடு, கண்ணாடி.' 'நீதிபதி வீடு, பொம்மைகள்.' ஐயா எந்தக் கோர்ட்டு? நீதிபதிக்குப் பொம்மை எதுக்குங்க?"

"அவரு கோர்ட்டும் இல்ல, கேஸும் இல்ல. கயிறு கட்டறவரு," என்றாள் மனைவி. "கட்டின கயித்தை யாராவது அறுங்களேன்!"

சைக்கிள் கடைக்காரர் கத்தியோடு வந்தார். எதிர்வீட்டு டீச்சரும் அவர் மாமியாரும் வந்தார்கள். டாக்டர் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் குண்டு குண்டாகப் பாத்திரங்கள். 'இசைக் குறிப்புகள்' என்ற பெட்டியைத் திறந்தால் முடிச்சு அண்ணனின் பனியன்கள். தெருவே சிரித்தது.

"இதுல எந்த ராகம் அண்ணே?" என்றார் டீச்சர்.

மணி பத்தரை. நர்ஸ் நகம் கடித்தாள். அண்ணன் லாரிப் பக்கம் திரும்பவே இல்லை. இருபத்தேழாவது பெட்டி நீதிபதி வீட்டுப் பொம்மைகள். உள்ளே, அவருடைய லுங்கியில் பத்திரமாகச் சுற்றிய கத்தரிப் பை!

மனைவி வாசலிலேயே நாற்காலி போட்டாள். பதினொன்றேகாலுக்கு நர்ஸ் கண்ணாடியில் தன்னையே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஓடினாள். டீச்சர் உட்கார்ந்தார். அப்புறம் அவர் மாமியார். சைக்கிள் கடைக்காரர் கடையை அரைக்கதவு சாத்திவிட்டு வரிசையில் நின்றார். பதினோரு வருடம் குடியிருந்த அடுக்குமாடியில் எதிர்வீட்டு மனிதரை லிஃப்டில் பார்த்ததோடு சரி. இங்கே மாமியாருக்கு எந்த முழங்காலில் வலி என்பதுவரை அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மாலையில் டிரைவர் ஹாரன் அடித்தார். "அக்கா, முன் சீட்டு காலியாத்தான் இருக்கு. ஏறுறீங்களா?"

மனைவி டிரைவரை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தத் தலையோடவா இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வந்தே? இறங்கி வா. நாற்காலியில இருக்கிறவருக்கு அடுத்தது நீதான்."

முடிச்சு அண்ணன் அவ்வளவு வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை. நேரே லாரிக்குப் போய், முன் சீட்டிலிருந்த கைப்பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.