மேம்சாபின் வயலெட் செடிகள்

ஹிஞ்சேவாடியில் என் வீட்டு ஜன்னலோரம் இருந்த ஆப்பிரிக்க வயலெட் பூச்செடியின் நடுக்குருத்து இன்று அழுகிவிட்டது. கிள்ளி எடுத்தேன். விரலில் ஒட்டிய அந்த நாற்றத்தை எனக்குப் பத்து வயதிலேயே தெரியும்.

அப்போது கோர்படியில் ராணுவக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா ராணுவ ஆபீஸில் கிளார்க். லீவில் போன அவருடைய அதிகாரியின் மனைவி, அப்பாவுக்கு 'மேம்சாப்', தன் ஆறு வயலெட் தொட்டிகளை எங்களிடம் விட்டுப் போனாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் குளித்து, திருநீறு பூசி, அபிஷேகம் மாதிரி ஒவ்வொரு செடியின் தலையிலும் சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்தார்.

"குருத்துல ஊத்தாதீங்க, அழுகிடும். மண்ணு காஞ்சப்புறம் அடித்தட்டுல ஊத்துனா அதுவே உறிஞ்சிக்கும்," என்றாள் அம்மா.

"மேம்சாப் செடியப் பத்தி உனக்கென்னடி தெரியும்?"

மூன்று வாரத்தில் ஐந்து செடிகள் கூழாகின. திரும்பி வந்த மேம்சாப், யார் இப்படிச் செய்தது என்று இந்தியில் கேட்டாள். அப்பா கைகட்டி நின்று, "மேரி பீவி, மேம்சாப்," என்றார். மனைவிதானாம். கூசவே இல்லை. அம்மா தலைகுனிந்து திட்டு வாங்கினாள். "பொய்," என்று கத்திய என்னை, மேம்சாப் போனதும் அப்பா அறைந்தார். அந்த வீரம் மட்டும் அவரிடம் இருந்தது.

அம்மா இறந்தபிறகு அப்பா இங்கே என்னோடுதான் இருக்கிறார்.

"செடிக்கு மேல யாருப்பா தண்ணி ஊத்தினது?"

"வேலைக்காரம்மாவா இருக்கும்."

"அவ ஊருக்குப் போயிப் பத்து நாளாச்சுப்பா."

அப்பா பேப்பரில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.