சம்பந்திக்கு அனுப்பிய ஐஸ் படம்

ஏசியின் செப்புக் குழாயில் ஐஸ் கட்டியிருந்ததைப் பார்த்து மகிழ்ச்சி அடைந்தவன் நான். மகிழ்ந்ததோடு நிற்காமல் படம் பிடித்தேன். பிடித்த படத்தைச் சம்பந்திக்கு அனுப்பினேன். முட்டாள்தனத்துக்கு இப்படி மூன்று படிகள் உண்டு என்பது அன்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு படியிலும் நிதானமாகக் கால் வைத்து, தடுமாறாமல் இறங்கினேன்.

பொள்ளாச்சி தாண்டி, கேரள எல்லைக்குள் இருக்கும் முதலமடையில் எனக்கு மாந்தோப்பு. மாமரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். இலையின் ஓரம் கருகினால் ஒன்று, நுனி சுருண்டால் இன்னொன்று. இந்த ஒரே படிப்பை வைத்துக்கொண்டு உலகத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் நான் மாமரமாகவே பார்த்து வந்திருக்கிறேன். எங்கள் பழைய ஜீப் ஒரு தடவை வழியில் நின்றபோது அதன் அடியில் தண்ணீர் ஊற்றினேன் என்று என் மனைவி சொல்வாள். அது பொய். ரேடியேட்டரில்தான் ஊற்றினேன். கொஞ்சம் கீழே சிந்தியது.

மகள் கோயம்புத்தூரில் படிக்கும்போது கூடப் படித்த பையனைப் பார்த்து, கட்டினால் இவனைத்தான் என்று சொல்லி, சக்குபள்ளத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். அது குமுளிக்குப் பக்கம், ஏலக்காட்டு ஊர். பங்குனியிலும் காலையில் போர்வையை விட்டு எழ மனம் வராத இடம். நாங்களும் கேரளம், அவர்களும் கேரளம். ஆனால் அங்கிருந்து இங்கே வர, குமுளியிலிருந்து மலையிறங்கி, கம்பம் தாண்டி, பழனி, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும்.

சம்பந்தி அங்கே ஒரு தேயிலை பேக்டரியில் முப்பது வருஷம் மிஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வார்த்தையை ரேஷனில் வாங்குபவரைப் போல அளந்து பேசுவார். அவர் பிட்டர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததை நேரத்துக்கு நினைத்துப் பார்க்கும் வழக்கம்தான் எனக்கு இல்லை.

மகளுக்கு ஏழு மாதம் முடிந்து எட்டாவது நடந்துகொண்டிருந்தது. தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான். இதில் எங்கள் பக்கத்துக்கும் அவர்கள் பக்கத்துக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எங்கள் ஊர் வெயில் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மாசிக் கடைசியில் சம்பந்தி போன் செய்தார்.

"சம்மந்தி, சித்திரையில உங்க ஊர் ரோட்டுல கோழி கூட நடக்காதாமே. புள்ளத்தாச்சி எப்பிடித் தாங்கும்? இங்கயே இருக்கட்டுமா?"

"அதெல்லாம் வேண்டாமுங்க சம்மந்தி. நம்மூட்ல ஏசி இருக்குதுங்க. உங்க சக்குபள்ளத்த விட ரெண்டு பங்கு குளிருமுங்க."

"அப்பச் சரி. பங்குனிக் கடைசில கொண்டாந்து விடுதேன்."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி அந்த நிமிஷமே வேலையைத் தொடங்கிவிட்டாள். என் பழைய வேட்டிகளை வெந்நீரில் அலசி, குழந்தைக்குத் துண்டு துண்டாகக் கிழித்து, மடித்து அடுக்கினாள். அவற்றில் இரண்டு அவ்வளவு பழையவை அல்ல. ஏசி அறையில் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்தாள். மறுநாள் சுவர்ப் பக்கம் இழுத்தாள். அந்த அறைக்குள் வெற்றிலை போட்டுக்கொண்டு வரக்கூடாது, சத்தமாகத் தும்மக்கூடாது என்றெல்லாம் எனக்குச் சட்டம் வந்தது. குழந்தை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

இனி ஏசிக்கு நான் செய்த உபகாரங்களைச் சொல்லவேண்டும்.

வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதன் வெளிப்பெட்டி மேற்குச் சுவரில் இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக அதன் முகத்தில் அடிக்கும். ஒரு நாள் பக்கத்தில் போனபோது அது அனல்காற்று விட்டுக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் கண்ட உடம்பு போலச் சுட்டது. எனக்குப் பாவமாகிவிட்டது. வெயிலில் வாடும் ஒட்டுக்கன்றுக்கு என்ன செய்வேனோ அதையே செய்தேன். நாலு பக்கம் கம்பு நட்டு, பச்சை நிழல்வலை கட்டி, பக்கவாட்டில் சாக்குத் தொங்கவிட்டேன். கல்யாணப் பந்தலில் கோட்டு மாட்டி உட்காரவைத்த மாப்பிள்ளை போல அது உள்ளே வெந்துகொண்டிருந்தது. எனக்குப் பார்க்க நன்றாக இருந்தது.

இரண்டாவது உபகாரம் தண்ணீர் விஷயம். ஏசியிலிருந்து தண்ணீர் வெளியேறும் சின்னக் குழாய் பொடக்காளியில், அதாவது கொல்லைப்புறத்தில், சும்மா சொட்டிக்கொண்டிருந்தது. மழை மறைவுப் பக்கத்தில் பிறந்தவனுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. அந்த இடத்திலேயே ஒரு மா ஒட்டுக்கன்று நட்டு, குழாயின் வாயை அதன் வேரடியில் புதைத்து, மேலே சருகு போட்டு மூடினேன். கன்று அந்த வருஷம் செந்தளிர் விட்டு நின்றது. வீட்டுக்கு வருகிறவர்களை முதலில் பொடக்காளிக்கு அழைத்துப்போய், "இது ஏசி போட்டு வளத்துற மா" என்று காட்டிவிட்டுத்தான் காப்பி கொடுப்பேன்.

பங்குனி பிறந்தது. கன்று தலையைத் தொங்கப் போட்டது.

வேர்ப்புழு என்று கண்டுபிடித்தேன். வேப்பெண்ணெய் கரைத்துத் தெளித்தேன். எரு வைத்து, மண்ணை இன்னும் கொஞ்சம் அணைத்து, காலால் மிதித்து இறுக்கினேன். அதே வாரத்தில் அறை குளிர முன்பைவிட நேரம் பிடித்தது. இந்த வருஷம் வெயில் அதிகம் என்று சொன்னேன். ஏசியின் பக்கம் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"பல்லி" என்றேன்.

"ஏனுங்க, பல்லி நாளெல்லாம் மூச்சு வாங்காமக் கத்துமுங்களா?" என்றாள் மனைவி.

"கோடைல கத்தும்."

பிறகு ஒரு நாள் உள்ளே இருக்கிற பெட்டியிலிருந்து தண்ணீர் ஒழுகிக் கட்டில் மெத்தை நனைந்தது. "ஏசிக்கு மூக்கு ஒழுவுதுங்க" என்று கூப்பிட்டாள். குளிர்ச்சி ஜாஸ்தியாகிவிட்டது, அதனால்தான் என்று விளக்கினேன். கட்டில் மறுபடியும் ஜன்னல் பக்கம் போயிற்று.

இந்தச் சூழ்நிலையில்தான் நிழல்வலையை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்து அந்த ஐஸைக் கண்டேன். வெளிப்பெட்டிக்குள் நுழைகிற செப்புக் குழாயில், விரல் தடிமனுக்கு, வெள்ளை வெளேரென்று. முதலமடையில், பங்குனி மத்தியானத்தில், என் வீட்டுச் சுவரில் பனிக்கட்டி. படம் எடுத்துச் சம்பந்திக்கு அனுப்பினேன். கூடவே எழுதினேன்: "உங்க ஊர்ல பனிதானுங்க. எங்க ஊட்ல ஐஸே கட்டுது."

அவர் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலக்குறி வந்தது. கால் மணி நேரத்தில் போன் வந்தது. பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று ஸ்பீக்கரில் போட்டு, மனைவியையும் பக்கத்தில் வரச்சொன்னேன்.

"சம்மந்தி, படம் பாத்தேன்."

"எப்படிங்க?"

"புள்ள இங்கயே இருக்கட்டும்."

"ஏனுங்க?"

"மிசினு ரொம்ப நாள் ஓடாது. கேஸ் கொறஞ்சாலும் ஐஸ் கட்டும், காத்து போக வழியில்லன்னாலும் கட்டும். நல்ல மிசினுன்னா தண்ணியா வடியணும், கல்லாக் கட்டப்படாது. பின்னாடி கொழாயில தண்ணி சொட்டுதா?"

நான் ஜன்னல் வழியாகப் பொடக்காளியைப் பார்த்தேன். கன்று நின்றுகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் அது இரண்டு வாரமாக அந்த விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதற்கு வேப்பெண்ணெய் அடித்திருக்கிறேன்.

"இல்லீங்க" என்றேன்.

"அப்ப இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மனைவி, அடுக்கி வைத்திருந்த வேட்டித் துண்டுகளை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் பங்குனி மாதம் மாங்காய் பறிக்க ஆள் கிடைத்தாலும் கிடைப்பார், ஏசி மெக்கானிக் கிடைக்கமாட்டார். கொல்லங்கோட்டில் ஒருவர், வளைகுடாவில் இந்த வேலையே பார்த்துத் திரும்பியவர், போனில் மூன்று நாளும் 'நாளைக்கு' என்றார். நாலாம் நாள் காலை ஸ்கூட்டரில் போய் அவர் கடை வாசலில் நின்றேன். அவர் எங்கே போனாலும் பின்னால் போனேன். மாம்பழப் பெட்டி ஒன்று தருவதாகச் சொன்னேன். "ஷுகர் உண்டு" என்றார். மகள் எட்டு மாதம் என்று சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறிவிட்டார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

வந்ததும் மேற்குப் பக்கம் போனவர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"சேட்டா, இது ஏசியோ, நர்சரியோ?"

"வெயிலுக்கு நெழலு கட்டுனேனுங்க."

"உள்ளிலே உள்ள சூட்டை வெளியிலே தள்ளுறதுதான் இதோட பணி. அத நீங்க சாக்குக்குள்ளே கட்டி வெச்சிருக்கு. அந்தச் சூடு எங்கே போகும்?"

நிழல்வலையை அவரே அறுத்துப் போட்டார். ஏசியை நிறுத்தி ஐஸ் உருகும்வரை காத்திருந்தோம். அதற்குள் உள்பெட்டியின் மூடியைத் தூக்கி, பில்டரை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெளிச்சம் இந்தப் பக்கம் வரவில்லை. மாங்காய் லாரிகள் கிளப்பிய இரண்டு வருஷப் புழுதி அதில் கம்பளி மாதிரி படிந்திருந்தது.

"இது எப்ப கழுகினது?"

"கழுவோணுங்களா?"

"புக்கிலே இருக்கே. வாசிச்சில்லே?"

புத்தகம் பத்திரமாக இருந்தது. வாங்கிய அன்றே மஞ்சள் குங்குமம் வைத்து, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் பூஜை அலமாரியில் வைத்தவன் நானே. இரண்டு ஆயுத பூஜைக்கும் ஏசியைத் துடைத்துச் சந்தனம் வைத்ததையும் சொன்னேன். உள்பெட்டி, வெளிப்பெட்டி, ரிமோட் மூன்றுக்கும். மெக்கானிக் என் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

அடுத்து, வெளிப்பெட்டியில் செப்புக் குழாய் சேருமிடத்துப் பித்தளை நட்டைச் சுட்டினார். அதைச் சுற்றிப் பிசுபிசுவென்று எண்ணெய்க் கறை, அதன் மேல் தூசி.

"இது முன்னாடி கண்டிட்டுண்டோ?"

"இருந்ததுங்க. சாமி வெளக்கு எண்ணெ பட்டிருக்கும்னு தொடச்சுத் தொடச்சு உட்டேன்."

பாத்திரம் துலக்கும் சோப்பைக் கேட்டு வாங்கி நுரைத்து நட்டின் மேல் தடவினார். ஒரு குமிழி மெல்ல ஊதிப் பெருத்து வெடித்தது. பின்னாலேயே இன்னொன்று. பல்லி அங்கேதான் இருந்தது. கேஸ் அந்த வழியாகத்தான் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை போய்க்கொண்டிருந்திருக்கிறது. உள்ளே காற்றும் சரியாகப் போகாமல், குழாயில் கேஸும் குறைந்து, தண்ணீராக வடிய வேண்டியது ஐஸாக உறைந்து, நிறுத்தும்போது மொத்தமாக உருகி வழிந்திருக்கிறது.

அந்தத் தண்ணீராவது வெளியே போயிருக்கலாம். அதற்கும் நான் வழி வைக்கவில்லை. கன்றின் அடியிலிருந்து தண்ணீர்க் குழாயை அவர் பிடித்து இழுத்தபோது, வாய் நிறைய மண்ணும் அதற்குள் கன்று விட்டிருந்த நூல் வேர்களுமாக வந்தது. அதை என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

மத்தியானம்வரை வேலை நடந்தது. நட்டைக் கழற்றி, குழாயின் முனையை வெட்டிப் புதிதாக விரித்து முறுக்கினார். உள்ளே இருந்த காற்றையெல்லாம் பம்ப் வைத்து உறிஞ்சி, கேஸ் நிரப்பினார். பில்டரைக் கழுவ என்னிடம் கொடுத்தார். கழுவிக்கொண்டே கேட்டேன்.

"இனிமே நான் என்னென்ன பண்ணோணுமுங்க?"

"பில்டர் மாசத்திலே ரெண்டு தடவை கழுகணும். தண்ணி பைப் மண்ணிலே தொடாம தொங்கணும்."

"அப்புறமுங்க?"

"அப்புறம் ஒண்ணும் செய்யாண்டாம்."

"ஒண்ணுமேங்களா?"

"ப்ளீஸ், சேட்டா."

அவரைக் கொல்லங்கோட்டில் இறக்கிவிட்டு வந்து பார்த்தேன். தொங்கிய குழாயின் கீழே மனைவி ஒரு பெயிண்ட் வாளியை வைத்து, அதன் முன்னால் குத்துக்கால் இட்டு உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது விழுந்தது. பிறகு எண்ண வேண்டிய தேவை இருக்கவில்லை. செப்புக் குழாயில் ஐஸ் இல்லை, வேர்வை மட்டும் இருந்தது. நான் போனை எடுத்து அந்தச் சொட்டுகளை வீடியோ பிடித்தேன். கீழே எழுத நல்ல வாக்கியம் ஒன்று வாயில் வந்திருந்தது.

"ஒண்ணும் எழுதாதீங்க. கம்முனு அனுப்புங்க" என்றாள்.

கம்மென்று அனுப்பினேன். நீலக்குறி வந்தது. பதில் வரவில்லை. போனும் வரவில்லை. சாயங்காலம் மகளுக்கு அடித்தால், "மாமா போன்ல வந்துச்சுப்பா. பாத்தாரு. போனைக் கீழ வெச்சுட்டாரு" என்றாள்.

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"மாமா மூஞ்சி மாதிரிதான் இருந்துச்சு."

மறுநாள் காலை எழுந்து பொடக்காளிக்குப் போனேன். வாளி விளிம்புவரை நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. வழிந்த ஈரத்தில் கன்று நின்றது. நிமிர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய், ஆனால் மேற்கொண்டு தொங்கவில்லை. வாளியை எல்லாப் பக்கமிருந்தும் இரண்டாவது வீடியோ எடுத்தேன். இந்தத் தடவை மனைவி பக்கத்தில் இல்லாததால் கீழே எழுதியும் விட்டேன்: "பாருங்க சம்மந்தி, ஒரு வாளி நெறையத் தண்ணி. ஐஸ் ஒரு பொட்டு இல்லீங்க. கட்டில், மெத்தை எல்லாம் காஞ்சு கெடக்குது. இனியாவது புள்ளய அனுப்பி வெப்பீங்களா?"

உள்ளே வந்தபோது பீரோ திறந்திருந்தது. வேட்டித் துண்டுகள் மறுபடியும் கட்டில் மேல் இருந்தன. நான் போனை மேஜை மேல் வைத்தேன். மனைவி துடைத்த மேஜையையே மறுபடியும் துடைத்தாள். பத்து மணி வாக்கில் போன் ஒரு தடவை சிணுங்கியது. எனக்கு முன்னால் அவள் எடுத்து, தூரமாகப் பிடித்துப் படித்துவிட்டு, என்னிடம் நீட்டினாள்.

"வாளிய மாத்துங்க, கம்பம் தாண்டிட்டோம்."