முதியவர் இல்லாத தெரு

இந்த ஊரில் டிராமில் ஏறினால் யாருக்கும் எழுந்து இடம் கொடுக்க வேண்டியதில்லை. மெல்பர்ன் நகரத்தின் நடுவே உள்ள இந்தப் பகுதிக்கு நானும் கணவரும் குடிவந்து மூன்று வருடமாகிறது. வந்த புதிதில் பழக்க தோஷத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாசலைப் பார்ப்பேன். நல்லம்பள்ளியிலிருந்து தர்மபுரிக் கல்லூரிக்குப் போன நாட்களில் டவுன் பஸ்ஸில் நான் உட்கார்ந்து போனது குறைவு. கூடையோடு ஓர் ஆத்தா ஏறுவார், எழுந்துவிடுவேன். இங்கே ஏறுகிறவர்கள் எல்லோரும் என் வயதுக்காரர்கள், இல்லையென்றால் இன்னும் சின்னவர்கள். நேபாளி, சீனம், ஸ்பானியம், அரபி எல்லாம் காதில் விழும். நரைத்த தலை மட்டும் கண்ணில் படாது. மாநகராட்சி வீடு வீடாகப் போடும் இதழில் எங்கள் பகுதியை இளமையான, பல பண்பாட்டு வட்டாரம் என்று பெருமையாக எழுதியிருந்தார்கள். பல மொழி எனக்குப் புதிதல்ல. ஊரில் பக்கத்து வூட்டில் தெலுங்கு, எதிர் வூட்டில் கன்னடம். அதற்கு யாரும் பெயர் வைத்ததில்லை. வயதானவர்களே இல்லாத தெரு எப்படி இருக்கும் என்பதுதான் தெரியாமலிருந்தது.

எங்கள் கீழ்த்தளத்தில் கொலம்பியாவிலிருந்து வந்த மரியானாவும் அவள் கணவன் கமிலோவும் இருந்தார்கள். அவளுக்கு இருபத்தேழு வயது. ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும், எனக்கும் அவளுக்குப் புரிகிற ஆங்கிலம் வராது. ஆனாலும் துணி துவைக்கும் அறையில் சந்திக்கும்போது தன் வயிற்றைக் காட்டிச் சிரிப்பாள். ஏழாம் மாதம் ஒருநாள் ஆம்புலன்ஸ் வந்தது. மூன்றாம் நாள் இருவரும் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

முப்பது வீடுகள் உள்ள கட்டடம். எல்லோரும் நல்ல பிள்ளைகள். ஒருவர் வாசலில் பூங்கொத்து வைத்தார், ஒருவர் கேக், ஒருவர் அட்டை. கதவைத் தட்ட மட்டும் யாருக்கும் தைரியம் வரவில்லை. என்ன பேசுவது, எவ்வளவு நேரம் இருப்பது, அழுதால் என்ன செய்வது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அது தெரிந்த பெரியவர்களையெல்லாம் நாங்கள் அவரவர் ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தோம்.

எனக்கு ஒன்று மட்டும் தெரியும். பத்து வருடத்துக்கு முன் என் அக்காவுக்கும் இப்படித்தான் ஆனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் பால் கட்டி, நெஞ்சு கல்லாகி, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மல்லிப்பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று தெருப் பெண்கள் சொன்னார்கள். எங்கள் தோட்டத்தில் அரை ஏக்கர் குண்டுமல்லி இருந்தது. பெண்கள் சங்கதி எதிலும் வாய் திறக்காத அப்பா தானே போய்ப் பூப் பறித்துவந்து, கூடையை நிலைப்படியில் வைத்துவிட்டு, உள்ளே பார்க்காமல் திரும்பிப் போனார். பூவைப் பரப்பித் துணியால் கட்டியது நான்தான். அப்பா இப்போது இல்லை.

நாலாம் நாள் மரியானாவின் கதவைத் தட்டினேன். அவள் சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. எனக்கு வந்த ஒரே சொல்லைச் சொன்னேன்.

"மில்க்?"

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய், பிரிட்ஜிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். டீ போடப் பால் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நான் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு என் நெஞ்சில் கைவைத்துக் காட்டினேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நம் ஆட்கள் அதிகம் இருக்கும் புறநகருக்கு ரயிலில் ஒரு மணி நேரம். அங்கே சேலைக்குக் கீழே ஷூ போட்ட அம்மாக்கள் பேரப்பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிடலாமா என்று இருந்தது. மளிகைக் கடையில் குளிரில் வாடிய மல்லிகைச் சரம் கிடைத்தது. கொண்டுவந்து நீட்டியதும் மரியானா நன்றி சொல்லிக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டாள். நான் எடுத்து, ஈரம் துடைத்து, சைகையில் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்றினாள்.

நர்ஸ் கொடுத்த மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதனால் எது கேட்டது என்று சொல்ல மாட்டேன். நான்கு நாள் போய்க் கட்டிவிட்டேன். கடைசி நாள் அவள் போனில் ஸ்பானியத்தில் ஏதோ பேச, அது ஆங்கிலமாகித் திரையில் வந்தது. குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தோம், அதை இங்கே யாரும் கேட்கவில்லை என்று. நான் கேட்டேன்.

"லூசியா," என்றாள்.

மூன்று மாதத்தில் அவர்கள் ஊருக்கே போய்விட்டார்கள். எங்கள் கட்டடத்தில் ஒரே வீட்டில் இரண்டு வருடம் இருப்பவர்களே குறைவு. பூங்கொத்து வைத்தவரும் கேக் வைத்தவரும்கூட இப்போது இல்லை. கீழே இரண்டு மாணவர்கள் வந்திருக்கிறார்கள். லூசியா என்ற பெயர் இந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு இன்னும் பிள்ளையில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறோம். என்ன பயம் என்று கணவர் கேட்பதில்லை, அவருக்கும் அதே பயம்தான்.

போன வாரம் அம்மாவோடு பேசினேன். அக்கா ஓசூர் போனபின் அம்மா வூட்டில் தனியாள். யாரோ வீடு வீடாக ஆள் கணக்கு எடுக்க வந்தார்களாம். எத்தனை பேர் என்று கேட்டதற்கு மூன்று பேர் என்று என் பெயரையும் அக்கா பெயரையும் எழுத வைத்திருக்கிறார்.

"நாங்கதான் அங்க இல்லியேம்மா."

"எங்கங்கன்னு அவுங்களும் கேட்டாங்க கண்ணு. டவுனுக்குப் போயிருக்குறாங்க, பொழுது சாய வந்துருவாங்கன்னு சொல்லிட்டன்."

எழுதிக்கொண்டு போய்விட்டார்களாம். இங்கே ஜன்னலுக்கு வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஊரில் அப்போதுதான் உச்சி வெயில்.