எண்பத்திரண்டாவது ராடு

மலைகள் எல்லாம் கூடி வந்து சேலத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டதற்கு ஆழ்குழாய்க் கிணறு போடும் ஒரு போர்வண்டிக்காரன்தான் காரணம் என்ற பேச்சு ராசிபுரத்திலிருந்து கிளம்பி ஜலகண்டாபுரம் டீக்கடைக்கு வந்து சேர்ந்தது. சொன்னவர் ஒரு தறிக்காரர். அவருக்குச் சொன்னது அவருடைய சகலை. சகலைக்கு யார் சொன்னார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

“ரெண்டாயிரத்து நானூறு அடி போட்டானாமுங்க. பூமிக்குத் தொண்டையில முள்ளு குத்துன மாதிரி ஆயிப்போச்சாம். வலி பொறுக்காம மலையையெல்லாம் இழுத்துப் போத்திக்கிச்சாம்.”

“ரெண்டாயிரத்து நானூறு போடற தெம்பு நம்மூர்ல எந்த வண்டிக்குங்க இருக்குது?” என்று மூலையில் உட்கார்ந்திருந்த சின்னண்ணன் கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தறிக்காரர் திரும்பிப் பார்த்தார். “நீங்க ரிக்கு ஓட்டறவருங்களா?”

“அது அப்பங்க. இப்ப எங்க போயி ஓட்டறது?”

“அப்ப அவன் எத்தனை அடிதான் போட்டிருப்பானுங்கறீங்க?”

“எனக்கெப்படிங்க தெரியும்?”

ஆயிரத்து அறுநூற்று நாற்பது. குழிக்குள் ஒன்றோடொன்று முடுக்கி இறக்கும் இரும்புக் குழாய் எண்பத்திரண்டு ராடு, ராடு ஒன்றுக்கு இருபது அடி. கணக்கு வாய்வரை வந்து நின்றது. தொழிலில் இருபத்தேழு வருடம் இருந்தவனுக்குத் தப்பான ஆழத்தைக் காதால் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது லேசில்லை. நல்லவேளையாகக் கடைக்காரர், கேட்காமலே அவித்த முட்டை இரண்டை அவர் முன்னால் வைத்தார். நாமக்கல் முட்டை வெளியே போக வழியில்லாமல் ஊரெல்லாம் முட்டையாகக் கிடந்தது.

“டீ கேட்டா முட்டை, பீடி கேட்டா முட்டை. எம்பட மாமியா ஊட்டுலகூட இந்த மரியாதை கெடைச்சதில்லீங்க,” என்றார் தறிக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். சின்னண்ணனும் சிரித்துவிட்டு எழுந்து வந்தார்.

மலை நடந்ததை யாரும் பார்க்கவில்லை. நடந்து முடிந்து அது நின்ற இடத்தைத்தான் பார்த்தார்கள். சேர்வராயன் மலை ஒரு பக்கம், கொல்லிமலை ஒரு பக்கம், நடுவே கஞ்சமலையும் போதமலையும் சங்ககிரியும் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு, எறும்பு நுழைய இடம் விடாமல் உட்கார்ந்திருந்தன. அதுவும் பழைய உயரத்தில் இல்லை. மேகத்துக்கும் மேலே போயிருந்தன. தொப்பூர்ச் சாலை நேராகப் போய்ப் பாறைக்குள் நுழைந்தது. சாலை நடுவில் போட்ட வெள்ளைக் கோடு பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. சூரியன் பத்து மணிக்கு எட்டிப் பார்த்து மூன்று மணிக்குப் போய்விடும். ஏறப் போனவர்கள் மூன்று நாள் ஏறி, நான்காம் நாள் ஏறத் தொடங்கிய இடத்திலேயே வந்து இறங்கினார்கள். போனில் வெளியூர்க் குரல் எதுவும் வரவில்லை. இது நாற்பத்தோராவது நாள்.

சின்னண்ணன் பிறந்தது திருச்செங்கோட்டுப் பக்கம். இருபத்திரண்டு வயதில் ரிக் வண்டி ஏறினார். ஜோத்பூர், அனந்தபூர், ஒரிசாவின் பேர் தெரியாத காடுகள் என்று வருடத்தில் பத்து மாதம் வெளியில்தான். மகள் சௌந்தர்யா பிறந்ததும் நடந்ததும் வயசுக்கு வந்ததும் அவருக்குப் போனில் வந்த செய்திகள். அவள் சேலத்தில் படிக்கட்டும் என்று சூரமங்கலத்தில் வீடு பிடித்து வைத்துவிட்டு அவர் மறுபடியும் வண்டியேறினார். போன வருடம் அவளை ஓசூரில் கட்டிக்கொடுத்தார்கள். இப்போது நிறைமாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். திங்கட்கிழமை மச்சானின் தென்னங்காட்டில் போர் போடுவது, புதன்கிழமை ஓசூர் என்று பேசி வைத்திருந்தார்கள். அந்தத் திங்கட்கிழமைதான் எல்லாம் நடந்தது.

மச்சான் தண்டாயுதபாணி, சின்னண்ணனின் மனைவி கலைமணியின் அண்ணன். ஜலகண்டாபுரத்துக்குத் தெற்கே நாலு ஏக்கர் தென்னை. கிணறு வறண்டு மூன்று வருடம். “எங்க மாப்ள வண்டி வருது, தண்ணியில்லாம போகாது,” என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவர் மனைவி மஞ்சளும் பூவும் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஆயிரத்து அறுநூறு அடிவரை வெறும் புழுதி. எண்பதாவது ராடில் புழுதி மேலே வருவது நின்றது. நின்றது மட்டுமில்லை, பக்கத்தில் கிடந்த தென்னஞ்சருகு நகர்ந்து நகர்ந்து போய்க் குழிக்குள் விழுந்தது. போர் மூச்சை உள்ளே இழுத்தது.

ரிக் வண்டியில் ஏறும் எவனுக்கும் முதல் மாதத்திலேயே சொல்லித் தருவது இது. குழி மூச்சிழுத்தால் எஞ்சினை அணை, ராடை உருவு, கும்பிட்டுவிட்டுக் கிளம்பு. ஜோத்பூரில் ஒருமுறை, ஒரிசாவில் ஒருமுறை அப்படிக் கிளம்பி வந்திருக்கிறார். அங்கே யாரோ எவரோ, வெட்கமில்லை. இது ஒரம்பரை வீடு, சொந்தபந்தம். பொண்ணு கொடுத்த வீட்டில் போட்ட போர் தண்ணியில்லாமல் புகையாகப் போச்சு என்று நாளைக்குக் கல்யாணத்திலும் காதுகுத்திலும் பேசுவார்கள். தட்டோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மாளை அவர் ஒருமுறை பார்த்தார்.

“இன்னும் ஒரு ராடு போட்டுப் பாத்தரலாங்க மச்சான்.”

எண்பத்தொன்றில், நடு உச்சி வெயிலில், காட்டின் மேல் ஒரு நிழல் விழுந்தது. மேகம் என்று நினைத்துக்கொண்டு அடுத்ததையும் இறக்கினார்கள். எண்பத்திரண்டில் சுற்றிலும் பாறை உரசும் சத்தம் வந்தது. ஆட்கள் நாலு பேரும் வண்டியை விட்டு ஓடிப்போனார்கள். அன்று சாயங்காலமே மச்சானின் கிணறு விளிம்புவரை நிறைந்துவிட்டது. சுற்றியிருந்த மலைத் தண்ணீரெல்லாம் உள்பக்கம் வடிந்தது.

வண்டி இன்னும் அங்கேயே நிற்கிறது, குழியில் எண்பத்திரண்டு ராடோடு. மச்சான் அதைத் தென்னமட்டை போட்டு மூடி வைத்திருக்கிறார். ஓசூருக்கு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்ததால் கலைமணி அன்று வரவில்லை. வண்டி அறுநூறு அடியிலேயே பழுதாகிவிட்டது என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். சின்னண்ணன் தினமும் பைக்கில் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்.

அன்றும் டீக்கடையிலிருந்து நேராகச் சூரமங்கலம் போனார். கலைமணி அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தாள். தினமும் காலையில் பெங்களூர்ப் பக்கத் தண்டவாளம் பாறைக்குள் போகும் இடத்துக்கு டவுன் பஸ்ஸில் போய்விடுவாள். அங்கே முப்பது நாற்பது பெண்கள் தண்டவாளத்தில் காதை வைத்துப் படுத்திருப்பார்கள்.

“கேட்டுச்சா?” என்றார்.

“அந்தப் பக்கம் ஏதோ ஒரு ரயிலு போச்சுங்க,” என்றாள். கன்னத்தில் துருக்கறை. “சௌந்தர்யாவுக்கு டாக்டர் சொன்ன தேதி இன்னைக்கு.”

“தெரியும்.”

“அவ பொறந்தப்ப நீங்க ஜோத்பூர்ல இருந்தீங்க. நாலாம் நாளுதான் போன் பண்ணுனீங்க. இப்ப ஊட்டுலயே இருக்கறீங்க, அவ அங்க கெடக்கறா. என்ன கெரகமோ, ஒரே பக்கமா இருக்க உங்களுக்குக் குடுத்து வெக்கல.”

அவள் சாடையாகச் சொல்லவில்லை. வருத்தத்தில் சொன்னாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“ஊர்ல பேசறாங்களே ஒரு போர்வண்டிக்காரன், அது நாந்தான் கலைமணி.”

 முழுதும் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்.

“உருவிப் பாக்கலாமல்ல? நாப்பது நாளா என்னதான் பண்ணுனீங்க?”

“உங்கண்ணன் உட மாட்டேங்கறார். எனக்கும் பயமா இருந்துச்சு. உருவி மலை போகலீன்னா, அப்பறம் நம்பிக்கன்னு ஒண்ணுமே இல்லியே.”

“பைக்க எடுங்க, அண்ணன் காட்டுக்குப் போலாம்,” என்றாள் அவள்.

தண்டாயுதபாணி வரப்பிலேயே வழிமறித்தார். “மாப்ள, பேசி முடிச்சதுதான? அம்மிணி, நீ எதுக்கு வந்த? கெணத்தப் பாரு, எங்கய்யன் காலத்துலகூட இப்படிப் பாத்ததில்ல. உருவுனா தண்ணி போயிரும். மலை தெறக்கும்னு எவன் எழுதிக் குடுத்தான்? தலைமேல சரிஞ்சு உழுந்தா?”

“தெரியாதுங்க மச்சான். போட்டப்ப வந்துச்சு, எடுத்தா போகும்னு நெனைக்கறேன்.”

“நெனைக்கறாராமா! அன்னைக்கும் இப்படி நெனைச்சுத்தான் இன்னொரு ராடு போட்டாரு.”

“அண்ணா,” என்றாள் கலைமணி. “சௌந்தர்யாவுக்குக் காது குத்தயில யாரு மடியில உக்கார வெச்சோம்? உங்க மடியிலயா, இந்தக் கெணத்து மேட்டுலயா? அழுது உங்க வேட்டிய நனைச்சா. அப்ப ஒண்ணும் சொல்லாம இருந்தீங்களே, இப்ப மட்டும் தண்ணிக்குப் பேசறீங்க.”

 தண்டாயுதபாணி கிணற்றுப் பக்கம் நடந்து போய் ஒரு கை தண்ணீர் அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டார். திரும்பி வந்தபோது வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். தென்னமட்டையை இழுத்துப் போடத் தொடங்கினார்.

எஞ்சின் ஆறாவது முறைதான் பிடித்தது. ராடைக் கவ்வி நிறுத்தும் இரும்புத் தாடை துருவேறிக் கவ்வ மறுத்தது. மூச்சை இழுத்துக்கொண்டேயிருக்கும் குழி, ராடுகளையும் சேர்த்து இழுத்தது. ஆகவே ஒவ்வொரு ராடையும் கழற்றி முடிக்கும்வரை சின்னண்ணன் லிவரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். விட்டால் மொத்தமும் உள்ளே போய்விடும், அப்புறம் எவனாலும் எடுக்க முடியாது. அண்ணனும் தங்கையும் ஆளுயர ஸ்பேனரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினார்கள்.

முதல் ராடு வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. கலைமணி நிமிர்ந்து மலையைப் பார்த்துவிட்டு மறுபடியும் ஸ்பேனரைப் பிடித்தாள்.

இரண்டாவது வந்தபோது தென்னந்தோப்பின் மேலிருந்த நிழல் ஒரு பாய் அகலம் பின்வாங்கியது. கிணற்றுக்குள் ஏதோ உறிஞ்சும் சத்தம். தண்டாயுதபாணி அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

மூன்றாவது ராடில் பாதி மரை கழன்றிருந்தபோது ஓமலூர்ப் பக்கம் இரண்டு மலைக்கு நடுவே நூல் மாதிரி ஒரு வெளிச்சம் விழுந்தது. சின்னண்ணனின் சட்டைப் பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. பிறகு விடாமல் அதிர்ந்தது, நாற்பத்தோரு நாள் குறுஞ்செய்திகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அது ஓய்ந்ததும் போன் அடித்தது.

நைந்த வெள்ளைச் சட்டை. பைத்துணிக்குள்ளிருந்து திரையின் வெளிச்சம் தெரிந்தது. எழுத்தும் தெரிந்தது. ஸ்பேனரைத் தள்ளிக்கொண்டே கலைமணிதான் படித்தாள்.

“ஓசூர் மாப்ளைங்க. அவ பண்ணுல, மாப்ள பண்றாரு. ஏனுங்க, அவ ஏன் பண்ணுல?”

அவருக்கும் அதுதான் தோன்றியது.

“எடுங்களேன்!”

“கையெடுத்தா எல்லாம் உள்ள போயிரும் புள்ள.”

“நான் உட்டுட்டு வாரேன்.”

“உட்றாத அம்மிணி,” என்று தண்டாயுதபாணி கத்தினார். “ஒருத்தனால தாங்காது!”

“இன்னும் எத்தனை சுத்துங்க?”

“ஏழு.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். ஆறு. லிவரில் எண்ணெய் வழுக்கியது, சின்னண்ணன் மார்பையும் கொடுத்து அழுத்தினார். மார்புக்கும் இரும்புக்கும் நடுவே போன் அதிர்ந்தது. இன்னும் ஐந்து சுற்று இருக்கும்போது அது நின்றது.  நான்கு இருக்கும்போது மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.