ஏரிக்குள் கொட்டிய மண்

எங்கள் ஊர் ஏரியில் மண் கொட்டுகிறார்கள் என்று என்னிடம் முதலில் சொன்னவன் என் மச்சினன். மனைவியின் தம்பி. சொந்தமாக ஒரு டிப்பர் லாரி வைத்து ஓட்டுகிறான். ஏரியின் தென்பக்கத்தை மேடாக்கி வீட்டுமனை போடப் போகிறார்கள், மண் அடிக்க என்னையும் கூப்பிட்டார்கள், முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன் என்றான். கூப்பிட்டது யார் என்று கேட்டேன். எங்கள் வார்டு கவுன்சிலர் என்றான்.

கவுன்சிலர் எங்கள் கட்சி. மோகனூர் சாலையில் நான் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறை வைப்பதற்கு வெகு காலம் முன்பே கட்சிக்கு வந்துவிட்டேன். மீசை முளைக்கும் முன்னால் போஸ்டர் ஒட்டப் பசை வாளி தூக்கியவன். அந்தக் கவுன்சிலருக்காக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டதும் நான்தான்.

அதனால் ஏரியைப் பற்றி எனக்குக் கவலை வரவில்லை. இவன் ஏன் இதை என்னிடம் வந்து சொல்கிறான் என்றுதான் தோன்றியது. லாரி வாடகை படியாமல் போய், அந்த ஆத்திரத்தில் பேசுகிறானோ? கொஞ்ச நாளாக அவன் எதிர்க்கட்சிக்காரர் ஒருவரின் செங்கல் சூளைக்கு லோடு அடிப்பது நினைவுக்கு வந்தது. அப்பாடா, பிடி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

செல்போனில் ஒரு போட்டோ காட்டினான். கவுன்சிலர் கைநீட்டி நிற்கிறார், எதிரே டிப்பர் மண்ணைச் சரிக்கிறது. படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நிழல் விழுகிற பக்கம் சரியில்லையே என்றேன். இந்தக் காலத்தில் எதை வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் செய்துவிடுகிறார்கள் என்றேன்.

அவன் கோபப்படவில்லை. "ஒரு நடை நீங்களே போயிப் பாத்துட்டு வாங்க மச்சான்" என்றான்.

நான்கு நாள் போகவில்லை. டீக்கடையில் இரண்டு பேர் குரலைத் தாழ்த்திப் பேசினால், இவன்தான் அவர்களையும் கிளப்பிவிட்டிருக்கிறான் என்று நினைத்தேன். சாப்பாடு போடும்போது மனைவி தம்பியின் பேச்சையே எடுக்காதது, இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டதுபோல இருந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் போனேன். மூன்று டிப்பர்கள் வரிசையில் நின்றன. தென்பக்கம் பாதி ஏரி செம்மண் மேடாகிக் கிடந்தது. படத்தில் நின்ற அதே இடத்தில் கவுன்சிலர் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வந்து தோளில் கை போட்டார்.

"வாங்கண்ணா. கரையப் பலப்படுத்தறோமுங்க" என்றார்.

கரை எனக்குப் பின்னால் இருந்தது. மண் முன்னால், தண்ணீர் நிற்கும் இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. இரண்டையும் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஏமாற்றம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. வீட்டில் சொல்வதற்கு ஒரு பதில் கிடைத்துவிட்டதே. அதே பதிலை மனைவியிடம் சொன்னேன், உன் தம்பியை எதிர்க்கட்சிக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"உங்க கண்ணயும் எதிர்க்கட்சிக்காரங்க கெடுத்துப்போட்டாங்களாக்கும்" என்றாள்.

அதன்பின் மச்சினன் எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. ஏரிக்குள் போக இடமில்லாத தண்ணீர் சாலையைத் தாண்டிப் பட்டறைக்குள் வந்துவிட்டது. லாரி டயர்கள் எருமைகள்போல மிதந்தன. சுற்றி நின்றவர்கள் வாயைத் திறப்பதற்குள், எதிர்க்கட்சிக்காரர்கள் ஆட்சியில் வாய்க்கால் தூர்வாராததால் வந்த வினை இது என்று நான் சொல்லிவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவே இல்லை.

மச்சினன் டிப்பரோடு வந்தான். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி டயர்களை உருட்டி ஏற்றினான். நானும் கூடத் தள்ளினேன். ஆனால் என் கண் முழுக்க அவன் சட்டைப்பையில் இருந்த செல்போன் மேலேயே இருந்தது. படம் எடுத்து அந்தச் சூளைக்காரருக்கு அனுப்பத்தான் வந்திருக்கிறான் என்று நிச்சயமாக நம்பினேன். சாயங்காலம்வரை அவன் அதைத் தொடவில்லை. ஈரம் படாமல் பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்தான்.

கடைசி டயரை ஏற்றிவிட்டு அவன் கையைக் கழுவும்போது, நீ சொன்னது சரிதான் என்று சொல்லிவிட நினைத்தேன்.

"இந்த வருசம் மழ ரொம்ப அதிகம் மாப்ள" என்றேன்.

"ஆமாங்க மச்சான்" என்றான்.

அடுத்த தேர்தலிலும் நான் அதே சின்னத்துக்குத்தான் போட்டேன். எதிரே நின்றவன் வந்தால் மீதி ஏரியும் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையாகவும் இருக்கலாம். அதைச் சரிபார்க்க நான் எங்கும் போகவில்லை.